பாலையின் முப்பத்தொரு பிழைகள்

உருத்திரபுரம்,
20.01.2024

அன்புள்ள பேரன் சுஜிதனுக்கு,

இங்கே என் வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் எல்லாமும் சுகம். அந்தக் குளிருக்குள் உனக்குச் சளி பிடிக்கக் கூடாதென்று சிவன் கோயிலில் வெள்ளிக்கு வெள்ளி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் பிள்ளைகளின் செய்தி. உன் அக்கா கஜனிக்கு வவுனியா ஆஸ்பத்திரியில் நிரந்தர நியமனம் வந்துவிட்டது. மாமா சின்னராசாவின் மகன் லக்ஷனுக்கு ஓஎல் பரீட்சையில் எட்டு ஏ, ஒரு பி. அந்தப் பி சித்திரத்துக்காம். சித்திரம் நம் பரம்பரைக்கே வராது, அதை விடு. அவன் தமக்கை சிவதர்சினி வவுனியா கம்பஸில் கணினிப் படிப்பு, இரண்டாம் வருடம். நெளுக்குளத்தில் அறை எடுத்து இருக்கிறாள், சனி ஞாயிறில் வருவாள். நீ ஜேர்மனியில் கணினிக் கொம்பனியில். தபாற்கந்தோரில் நாலு பேரையும் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

உன் கணினியும் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பரமலிங்கத்தார், தபால் அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர், உனக்குத் தெரியும், வந்து பார்த்து, இது விண்டோஸோ என்று கேட்டார். இல்லை, லினக்ஸ், அதிலும் கடைகளில் கிடைக்கிற லினக்ஸ் இல்லை, என் பேரனும் கூடப்படித்த மூன்று பேரும் சேர்ந்து செய்தது, பேர் பாலை என்றேன். திறந்ததும் பாலைப்பழக் கொத்து வருவதையும், அதற்குப் பின்னால் பள்ளிக்கூட உடுப்போடு நீ நிற்கிற படம் வருவதையும் காட்டினேன். லண்டனில் இருக்கும் தன் மகன் அனுப்பிய கணினி கண் மூடித் திறப்பதற்குள் திறக்குமாம். பாலை திறப்பதற்குள் நான் தேத்தண்ணீர் வைத்து, ஆற்றி, பாதி குடித்துவிடுவேன். அவசரம் யாருக்கு?

பிழைகள் பழையபடிதான். சத்தம் வராது. எனக்குக் காது மந்தமானபடியால் அது பிழையில் சேராது. கரண்ட் போய்வந்தால் திகதி 2012 ஆகிவிடுகிறது. அச்சுப்பொறி இதோடு பேசமாட்டேன் என்கிறது. அதனால் வழக்கம்போல முதலில் கணினியில் எழுதி, பிறகு அதைப் பார்த்துப் பார்த்துத் தாளில் கையால் எழுதி அனுப்புகிறேன். ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தாளில் எழுதினால் அழிக்க முடியாது, கணினியில் அழிக்கலாம்.

போனில் நீ பேசுவது எனக்கு விளங்காது, உன் முகத்தையும் நீ காட்டுவதில்லை. ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு.

அன்புடன் அம்மம்மா
அமராவதி


எசன், ஜேர்மனி
18.02.2024

அன்புள்ள அம்மம்மா,

நான் சுகமாக இருக்கிறேன். முழங்காலுக்கு எண்ணெய் மட்டும் போடாமல் கஜனி அக்காவிடம் காட்டுங்கோ. லக்ஷனுக்கும் சிவதர்சினிக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கோ.

வேலை கூடிவிட்டதால் கடிதம் பிந்திவிட்டது. கொம்பனியில் வேலைக்கு ஆள் காணாது.

அம்மம்மா, ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. சிவதர்சினி வரும்போது பாலையை எடுத்துவிட்டு விண்டோஸ் போடச் சொல்லுங்கோ. ஒரு மணித்தியால வேலை. அச்சுப்பொறி, திகதி, எல்லாம் சரிவரும். பாலை நாங்கள் கம்பஸில் விளையாட்டாகச் செய்தது. நாலு பேராக இருந்தோம், இப்போது எல்லாரும் ஒவ்வொரு பக்கம். உலகத்தில் ஆயிரம் லினக்ஸ் இருக்கிறது, இவ்வளவு பிழையோடு ஒன்றைக் கட்டிக்கொண்டு நீங்கள் கஷ்டப்படத் தேவையில்லை. கையால் எழுதி எழுதி விரல் நோகும்.

படம் எடுக்க நேரம் கிடைக்கவில்லை. போனின் கமராவும் பழுது.

அன்புடன்
சுஜி


உருத்திரபுரம்,
16.03.2024

அன்புள்ள சுஜிதனுக்கு,

காலபோக அறுவடை முடிந்து வீடு முழுக்க நெல்தூசி. எல்லாரும் தும்மிக்கொண்டே சுகமாக இருக்கிறோம். உனக்கு அங்கே தும்மல் இல்லை என்று நம்புகிறேன்.

நீ எழுதியதைச் சிவதர்சினிக்குக் காட்டவில்லை. ஆனாலும் அவள் தானாகவே விண்டோஸைக் கொண்டு வந்தாள். தேத்தண்ணீரும் பயற்றம் பணியாரமும் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். ஏன் அப்பம்மா இந்தப் பிடிவாதம் என்றாள். இதில் மெனு முழுக்கத் தமிழில் இருக்கிறது, அந்தத் தமிழை எழுதியது என் பேரன், மூடும்போது "போட்டு வாறன்" என்று வருவதும் அவன் எழுதியதுதான், உன் விண்டோஸ் அப்படிச் சொல்லுமோ என்று கேட்டேன். அவள் இன்னொரு பணியாரத்தை எடுத்தாள்.

விரல் நோகுது என்று நான் சொன்னேனா? நோகவில்லை.

பிழைகளை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். நேற்றோடு முப்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தது, நான் எதை அமத்தினேன், அது என்ன செய்தது என்று எல்லாம் இருக்கிறது. செய்தவன் கையால் திருத்துவதுதான் முறை. கொப்பியை அலுமாரியில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். கொப்பி பத்திரமாக இருக்கும், அவசரப்பட வேண்டாம்.

கமரா பழுதென்றால் கூட வேலை செய்பவர்களின் போனில் ஒன்று எடு. கொம்பனியில் ஒருவரிடமுமா கமரா இல்லை?

அன்புடன் அம்மம்மா


உருத்திரபுரம்,
25.05.2024

அன்புள்ள சுஜிதனுக்கு,

இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லை. சுகவீனம் இல்லையே? இங்கே வெயிலைத் தவிர வேறு கரைச்சல் இல்லை. காட்டில் பாலைப்பழம் தொடங்கிவிட்டது. சின்னராசா ஒரு வாளி கொண்டு வந்தான். தின்ற எல்லாருடைய உதடும் ஒட்டிப்போய், வீட்டில் கொஞ்ச நேரம் நல்ல அமைதி.

இந்தக் கடிதத்தை நேரே பேனையால் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள். வெட்டியிருக்கும் இடங்களை வாசிக்காதே.

செவ்வாய்க்கிழமை இடி மின்னலோடு கரண்ட் மூன்று முறை போய்ப் போய் வந்தது. அதற்குப் பிறகு பாலை திறக்கவில்லை. பழக்கொத்தும் இல்லை, உன் படமும் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாக ஆங்கிலம். பயந்துதான் போனேன். சிவதர்சினிக்குப் பரீட்சை, அவளைக் கூப்பிட மனமில்லை. நிற்பாட்டினால் அந்த எழுத்தும் போய்விடுமோ என்று நிற்பாட்டாமல், கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, திரையில் இருந்த அவ்வளவையும் அப்படியே பார்த்து எழுதிவிட்டேன். நாலு பக்கம். ஏ பி சி டி தெரியும், சேர்த்து வாசிக்கத் தெரியாது. அதனால் கோலம் பார்த்துப் போடுவதுபோல ஒவ்வொன்றாகப் போட்டேன். எங்கே இடைவெளி, எங்கே புள்ளி, எல்லாம் இருந்தபடி. கடைசியில் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி நின்றது. அதையும் போட்டிருக்கிறேன். மின்னுவதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மின்னியது என்று வைத்துக்கொள்.

முப்பத்தொரு பிழையையும் பொறுத்துக்கொண்டேன். திறக்காமல் இருப்பதை மட்டும் பொறுக்க முடியவில்லை. அந்தப் படம் வேறு எங்கேயும் இல்லை, சுஜி.

அன்புடன் அம்மம்மா


எசன்,
12.06.2024

அம்மம்மா,

கடிதம் இன்று காலை கிடைத்தது, இன்றைக்கே பதில் போடுகிறேன். எனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. சும்மா பிந்திவிட்டது, மன்னியுங்கோ.

நீங்கள் எழுதிய நாலு பக்கத்தையும் மேசையில் பரப்பி வைத்து வாசித்தேன். கம்பஸில் எங்களுக்குப் பிழைச் செய்தி அனுப்பியவர்களில் ஒருவர்கூட இப்படிச் சரியாக அனுப்பியதில்லை. எல்லாரும் "வேலை செய்யுதில்லை" என்று ஒரு வரி எழுதுவார்கள். நீங்கள் ஒரு புள்ளிகூட விடவில்லை. மின்னுகிற கோட்டைப் பார்த்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அறையில் படுத்திருந்த மற்ற மூன்று பேரும் எழும்பிவந்து பார்த்தார்கள். ஒருவன் சூடான்காரன், ஒருவன் ஆப்கான்காரன், ஒருவன் நம் முல்லைத்தீவுப் பக்கம், மஹ்றூப் என்று பெயர். மஹ்றூப் நாலு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறான்.

பயப்பட வேண்டாம். ஒன்றும் அழியவில்லை, படமும் இருக்கிறது. கரண்ட் போனதில் கணினி தன் கணக்கைத் தவறவிட்டுவிட்டது, அவ்வளவுதான். தனித்தாளில் மூன்று வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அந்தக் கோடு மின்னுகிற இடத்தில் ஒவ்வொரு வரியாக அடித்து, பெரிய விசையை அமத்துங்கோ. மூன்றாவது வரிக்குப் பிறகு தேத்தண்ணீர் வைக்கப் போங்கோ.

வெட்டிய இடங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நன்றாக வெட்டியிருக்கிறீர்கள்.

அன்புடன்
சுஜி


உருத்திரபுரம்,
10.07.2024

அன்புள்ள சுஜிதனுக்கு,

பாலை திறந்துவிட்டது. முழங்கால்கூட அன்றைக்கு நோகவில்லை. உனக்கும் அங்கே எல்லா நோவும் குறைந்திருக்க வேண்டும்.

சொன்னபடி மூன்று வரியும் அடித்தேன். இரண்டாம் வரியில் எழுத்துகள் ஓடின, ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. தேத்தண்ணீர் வைக்கப் போகவில்லை, அங்கேயே நின்றேன். பழக்கொத்து வந்தது. பிறகு நீ வந்தாய். கஜனிக்குச் சொன்னேன், சின்னராசாவுக்குச் சொன்னேன், பரமலிங்கத்தாருக்கு வேலியால் கூப்பிட்டுச் சொன்னேன். ஜேர்மனியில் இருந்து மூன்று வரி எழுதி உருத்திரபுரத்தில் கணினியை எழுப்பினான் என்றேன். தன் மகனின் கணினி விழுவதே இல்லை என்றார். அப்படியென்றால் உங்கள் மகன் கடிதமே போடமாட்டானே என்றேன்.

அச்சுப்பொறி மட்டும் பழையபடிதான், பேசவில்லை. இதையும் கையால்தான் எழுதுகிறேன்.

நீ எழுதியதை நாலைந்து முறை வாசித்தேன். ஓர் அறையில் நாலு பேர். வேலைநாள் காலையில் மூன்று பேர் படுத்திருக்கிறார்கள். எந்தக் கொம்பனியில் அப்படி வைத்திருக்கிறார்கள், பிள்ளை? சும்மாதான் கேட்டேன். மஹ்றூப்பின் தாய் தகப்பன் யார் என்று எழுது. முல்லைத்தீவில் தெரிந்தவர்களாக இருக்கும். அவன் நல்லாய்ப் படம் எடுப்பான்போல இருக்கிறது. அவனையே ஒன்று எடுக்கச் சொல்.

அன்புடன் அம்மம்மா


நெளுக்குளம், வவுனியா
22.09.2024

சுஜி மச்சானுக்கு,

நான் சிவதர்சினி. நானும் வீட்டில் எல்லாரும் சுகம். வட்ஸ்அப்பில் மூன்று முறை எழுதினேன். பார்த்தீர்கள் என்று நீலக் கோடு காட்டுகிறது, பதில் இல்லை. தாளுக்குத்தான் நீங்கள் மறுமொழி எழுதுவீர்கள்போல, அதனால் இது.

அப்பம்மா ஆடி மாதம் எழுதிய கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசல் படலையடியைக் கூட்டுறா. ஏற்கனவே கூட்டின இடத்தைத் திரும்பக் கூட்டுறா. இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முதலாவதைச் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறா. பரவாயில்லை.

ஒன்று, அச்சுப்பொறி. அது சித்திரை விடுமுறையில் இருந்து வேலை செய்கிறது. நான்தான் பாலையிலேயே திருத்தினேன், அரை நாள் எடுத்தது. பரீட்சித்துப் பார்க்க, உங்களுக்கு முந்தி எழுதிய கடிதம் ஒன்றை அச்சடித்தேன். கடகடவென்று வந்தது. அப்பம்மா துள்ளுவா என்று நினைத்தேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, வயரைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினா. பிறகு சொன்னா, "எல்லாத்தையும் நீயே திருத்திப்போட்டா, அவன் வந்து என்னத்தைத் திருத்துறது?"

மற்றது, அதை வயர் கழற்ற முந்தித்தான் கண்டேன். பாலையில் எழுதுகிற மென்பொருளின் பிழை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தியதை ஒரு பிரதி எடுத்து ஒளித்து வைத்துக்கொள்ளும், அழித்தாலும் விடாது. அச்சடிக்கத் தேடும்போது அந்தப் பிரதிகள் எல்லாம் வந்தன. ஆறு வருடக் கடிதங்கள். எல்லாவற்றின் முதற்பிரதியிலும் கடைசி வரி ஒன்றுதான்: "எப்ப வாறாய்?" உங்களுக்கு வந்த ஒன்றிலும் அது இருந்திராது.

கணினிப் படிப்பு படிக்கிறவளாக ஒன்று கேட்கிறேன். பாலையின் தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு வருடமாக உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. போன மாதம்கூட ஒரு பிழை திருத்தியிருக்கிறீர்கள். ஆருக்காக?

அன்புடன்
சிவதர்சினி


எசன்,
20.10.2024

அன்புள்ள அம்மம்மா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. இந்த முறை சுகம் விசாரிப்பதோடு நிற்காமல் உள்ளதை எழுதுகிறேன்.

கொம்பனி இல்லை. ஒரு நாளும் இருக்கவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறேன். அறையில் எல்லாருக்கும் பின்னேரத்தில்தான் வேலை தொடங்கும், அதனால்தான் காலையில் எல்லாரும் படுத்திருக்கிறார்கள். அகதி வழக்கை இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள். இப்போதைக்கு இருக்க விட்டிருக்கிறார்கள், ஆறு ஆறு மாதமாக ஒரு தாள் தருவார்கள். இந்த நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பவும் உள்ளே வர முடியாது. ஊருக்கு வரலாமா என்றால், படலையடியில் வந்து என்னைக் கேட்ட புலனாய்வுக்காரரை நீங்களும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அடுத்த வழக்கு எப்போது என்று தெரியாது. நீங்கள் தபாற்கந்தோரில் நின்று கொம்பனி கொம்பனி என்று சொல்வதை நினைத்தால் எனக்குப் பேனையை எடுக்க முடிவதில்லை.

கமராவும் பழுதில்லை.

பாலையைப் பற்றியும் உள்ளதைச் சொல்கிறேன். மற்ற மூன்று பேரும் விட்டு இரண்டு வருடம். உலகத்தில் அதை இப்போது பாவிப்பது இரண்டு கணினி. ஒன்று உங்களுடையது, மற்றது என்னுடைய பழைய மடிக்கணினி. விட்டுவிடுவோம் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பேன். பிறகு உங்கள் கடிதம் வரும், அதில் ஒரு பிழை இருக்கும். வேலைக்குப் போக முந்தி அதை வைத்துக்கொண்டு இருப்பேன். ஒருவருக்கும் என் பெயர்கூடச் சரியாக வராத இடத்தில், எனக்குத் தெரிந்த வேலையைச் செய்கிற நேரம் அது மட்டும்தான். விண்டோஸ் போடுங்கோ என்று எழுதியது உங்கள் விரலுக்காக. எழுதிவிட்டு, போட்டுவிடுவீர்களோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

உங்களுக்கு அலுத்துவிட்டால் சொல்லுங்கோ, அதோடு நிற்பாட்டிவிடுகிறேன்.

சிவதர்சினி எழுதினாள். நீங்கள் அழித்த வரியைப் பற்றியும்.

சுஜி


உருத்திரபுரம்,
05.12.2024

அன்புள்ள என் சுஜிக்கு,

மழை விட்டபாடில்லை. வயல் முழுக்கத் தண்ணீர், முழங்கால் முழுக்க நோவு. மற்றும்படி நான் நல்ல சுகம். நீயும் கைக்கு உறை போட்டுக்கொண்டு கோப்பை கழுவு. சவர்க்காரத்தில் விரல் வெடிக்கும்.

பிள்ளைகளின் செய்தி. கஜனி வார்ட்டில் எல்லாருக்கும் வேண்டியவள் ஆகிவிட்டாள். லக்ஷன் கணிதப் பிரிவில் சேர்ந்துவிட்டான். சிவதர்சினி பரீட்சையில் வகுப்பில் முதலாவது. கண்ட இடமெல்லாம் வாசிக்கிறவள் முதலாவதாக வராமல் வேறு என்ன வருவாள்? என் அழித்த வரிகளை வாசித்ததற்குக் காதைத் திருகினேன், பிறகு பணியாரம் கொடுத்தேன். நாலாவது நீ. உன்னைப் பற்றித் தபாற்கந்தோரில் திருத்திச் சொல்லிவிட்டேன். பேரன் ஜேர்மனியில் சாப்பாட்டுக் கடையில் வேலை என்றேன். பரமலிங்கத்தாரும் அங்கேதான் நின்றார். கோப்பை கழுவுறதோ என்று இழுத்தார்.

"ஓம், கோப்பைதான் கழுவுறான். உங்கட மகன் அனுப்பின கணினி உலகம் முழுக்க இருக்கு, ஆரும் வாங்கலாம். எனக்கொருத்திக்கெண்டு ஒருத்தன் ஒரு கணினியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். உங்களுக்கு அப்பிடி ஆர் இருக்கினம்?" என்றேன்.

அவர் முத்திரைக்கு எச்சில் தடவிக்கொண்டு நின்றார். பிறகு வீடு வரைக்கும் குடையை என் பக்கமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அலுத்துவிட்டதோ என்று கேட்டாய். கொப்பியில் இப்போது முப்பத்து நாலு. அச்சுப்பொறியை வெட்டினால் முப்பத்து மூன்று. இனிமேல் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு பிழை எழுதி அனுப்புகிறேன், வேலைக்குப் போக முந்தி வைத்துக்கொண்டு இரு. இந்த மாதத்துப் பிழை தனித்தாளில் இருக்கிறது, இரண்டரைப் பக்கம். திகதியை மட்டும் திருத்த வேண்டாம். கரண்ட் போய்வந்ததும் அது 2012 என்று காட்டும்போது, உள்ளே உன் படமும் இருக்கும்போது, நீ இன்னும் பள்ளிக்கூடத்தால் வரவில்லை என்பதுபோல இருக்கும். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த வரியை ஏன் அழித்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். படலையடியில் அவர்கள் வந்துபோன அன்று, போ பிள்ளை, திரும்பிப் பாராமல் போ என்று சொன்னது நான். நீ போகமாட்டேன் என்று கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாய், நான்தான் கையை எடுத்துவிட்டேன். போவென்று சொன்ன வாயால் எப்போது வருவாய் என்று எப்படிக் கேட்பது? அதனால் எழுதுவேன், அழிப்பேன். உன் பாலை அதை ஒளித்து வைத்திருந்திருக்கிறது. அதையும் ஒரு பிழை என்று திருத்திவிடாதே.

வயர் இன்னமும் அலுமாரிக்குள்தான். இதையும் கையால்தான் எழுதுகிறேன். ஆனால் இந்த முறை ஒன்றும் அழிக்கவில்லை.

எப்ப வாறாய்?

பதில் எழுத வேண்டாம். கேட்டது தாளில் இருந்தால் போதும்.

ஒன்று மட்டும் செய். மஹ்றூப்பைக் கூப்பிட்டு, அந்தக் கடைக் குசினியில், கோப்பை கழுவும்போது கட்டுகிற ஏப்ரனைக் கழற்றாமல், சீப்பால் தலையும் இழுக்காமல் நில். உள்ளபடி ஒரு படம் எடுத்துத் தபாலில் போட்டுவிடு. கணினியில் பள்ளிக்கூட உடுப்போடு நிற்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும். கரடிப்போக்குச் சந்தியில் ஒரு நாள் பஸ்ஸால் இறங்குகிறவன் எந்த முகத்தோடு வருவான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அன்புடன் உன் அம்மம்மா
அமராவதி